மஞ்சளைத் தோலுக்குள் அனுப்புவது: காரைக்குடி வெயிலில் ஓர் எத்தோசோம் ஜெல்

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் ராத்திரி மருதாணி வைத்துக் கட்டிய கை விடிந்ததும் சிவந்துவிடும். நாலைந்து நாள் கழிந்தும் நிறம் நிற்கும். அதே வீட்டில் நலங்கில் பூசிய மஞ்சள் இரண்டு குளியலில் போய்விடுகிறது. மருதாணியின் நிறத்துக்குக் காரணமான லாசோன் மிகச் சின்ன மூலக்கூறு, எடை 174 டால்டன். அது தோலின் மேலடுக்குக்குள் நுழைந்து அங்கிருக்கும் கெரட்டின் புரதத்தோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்கிறது. மஞ்சளின் குர்குமின் 368 டால்டன், தண்ணீரில் கரைவது இல்லை என்றே சொல்லலாம். கரையாமல் துகளாகத் தோல்மேல் கிடக்கிற பொருளுக்கு உள்ளே போக வழி கிடையாது. வீக்கத்துக்கு மஞ்சள் பற்றுப் போடுகிறோம். அந்தப் பற்றில் இருக்கும் குர்குமினில் தோலுக்குள் சேர்வது மிகச் சொற்பம்.

அதை உள்ளே சேர்ப்பதற்காக வந்தவைதான் லிப்போசோம், நியோசோம், எத்தோசோம் போன்ற நுண்பைகள். இவை மூலிகையின் குணத்தைக் கூட்டுவதில்லை. மேலடுக்கைக் கடக்கிற அந்த ஒரு வேலைக்கு மட்டுமே உதவும். ஆகவே எந்த மூலக்கூறை அனுப்புகிறோம், அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற இரண்டு விவரமும் கையில் இல்லாமல் பை செய்து பயனில்லை. குர்குமினை வைத்து, ஒரு சிறு ஆய்வகத்தில், நம் ஊர்ச் சூட்டில் இதைச் செய்கிற விதத்தை முழுசாக எழுதுகிறேன். மூலிகைத் தைலமும் களிம்பும் செய்கிறவர்கள், மருந்தியல் படிக்கிற பிள்ளைகள், இரு தரப்புக்கும் உதவ வேண்டும் என்பது ஆசை.

முதலில் தடுப்பு எது என்று பார்த்துவிடுவோம். தோலின் ஆக மேலே இருக்கும் ஸ்ட்ராட்டம் கார்னியம் உடம்பின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான். உயிரற்ற தட்டையான செல்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கியிருக்கும். இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் ஏறக்குறைய சம மூலக்கூறு விகிதத்தில் பூசியிருக்கும். செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக எழுப்பிய செட்டிநாட்டுச் சுவர் மாதிரிதான் அதன் கட்டு. நுழைகிற மருந்துக்கு அந்தக் காரை வழிதான் பெரும்பாலும் பாதை. மயிர்க்கால் வழியும் உண்டு. பரப்பளவில் அது சிறிது என்றாலும் நுண்துகள்களுக்கு முக்கியமானது. 300 முதல் 600 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் தேய்த்துவிடும்போது மயிர்க்காலுக்குள் ஆழமாக இறங்கி அங்கே தங்குகின்றன. சித்த மருத்துவத்தின் புறமருத்துவம் 32 வகையில், தேய்த்துப் பிடித்துவிடுகிற தொக்கணம் தனி வகையாகவே இருக்கிறது. தேய்ப்பு என்கிற செயலுக்கே பலன் உண்டு என்பதை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

2000இல் போஸும் மைனார்டியும் எழுதிய '500 டால்டன் விதி' இந்தத் துறையில் எல்லாரும் சொல்வது. 500க்கு மேற்பட்ட மூலக்கூறு நல்ல தோலைக் கடப்பது அரிது. அதோடு, கொழுப்பிலும் கரைய வேண்டும், தண்ணீரிலும் ஓரளவு கரைய வேண்டும். இந்த இரண்டையும் வைத்து நம் செடிகளை அலசினால் ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு 350 டால்டன், மிளகின் பைப்பரின் 285. இவற்றுக்கு நுண்பையே தேவைப்படாமல் போகலாம். எத்தனாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் சேர்ந்த சாதாரண ஜெல்லை முதலில் சோதித்துவிட வேண்டும். வல்லாரையின் ஏசியாட்டிகோசைடு 959 டால்டன், மூன்று சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும். அதிமதுரத்தின் கிளைசிரைசின் 823. இவற்றுக்குத் துணை நிச்சயம் வேண்டும். கற்றாழையின் பல்சர்க்கரைகளோ இன்னும் எவ்வளவோ பெரியவை. அவை தோல்மேல் ஈரம் பிடித்துவைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. பையில் போட்டு விற்கிறவர்கள் வாடிக்கையாளரின் காசை வீணாக்குகிறார்கள் என்பது என் கருத்து.

நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலம் ஏன் போதவில்லை என்று கேட்பார்கள். எண்ணெய் தோலின் ஈரம் ஆவியாகாமல் மூடுகிறது, அந்த மட்டில் நல்லது. ஆனால் எண்ணெயில் நன்றாகக் கரைகிற மூலக்கூறுக்கு எண்ணெயை விட்டுத் தோலுக்குப் போக அவசரம் இல்லை, அங்கேயே தங்கிவிடும். அதிகம் கரைகிறது என்பதும் அதிகம் போகிறது என்பதும் வேறு வேறு.

நுண்பைகளின் வரலாறு சுருக்கமாக. செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்பான பாஸ்போலிப்பிடைத் தண்ணீரில் விட்டால் தானாகவே மூடிய பைகளாகிறது என்பதை அலெக் பேங்கமும் உடனிருந்தவர்களும் இங்கிலாந்தில் 1960களில் கண்டார்கள். 1980இல் மெசெய், குலசேகரம் இருவரும் லிப்போசோமைத் தோல் மருந்துக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். 1990களில் கிரெகோர் செவ்ச் வளைந்து நெளியக்கூடிய டிரான்ஸ்பர்சோமைக் கொண்டுவந்தார். எத்தோசோம் ஜெருசலேமில் எல்கா டூயிட்டூவின் குழு உருவாக்கியது. இதில் எத்தனால் 20 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். எத்தனால் இரண்டு வேலை செய்கிறது: தோலின் காரைக் கொழுப்பை இளக்குகிறது, பையின் சுவரையும் மிருதுவாக்குகிறது. பை முழுசாக உள்ளே நடந்து போகிறது என்று விளம்பரத்தில் படம் போடுவார்கள். பெரும்பாலான பைகள் மேலடுக்கிலேயே உடைந்து, அவற்றின் கொழுப்பு தோலின் கொழுப்போடு கலந்து, மருந்து அந்த வழியில் இறங்குகிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. டிரான்ஸ்பர்சோமில் இன்னொரு நுணுக்கம்: தோலின் மேற்பரப்பு காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கிற வித்தியாசம்தான் அதை இழுக்கிற விசை. பூசிவிட்டு பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டினால் அந்த வித்தியாசமே போய்விடும். எண்ணெய்ப் பற்றைக் கட்டுவதுபோல இதையும் கட்டக் கூடாது.

சிறு கூடத்துக்கு எத்தோசோம்தான் வசதி. லிப்போசோமுக்கு வழக்கமாகத் தேவைப்படுகிற குளோரோபார்ம் வேண்டாம், சுழல் ஆவியாக்கி வேண்டாம்.

100 கிராமுக்கான அளவு இது: சோயா பாஸ்பாடிடில்கோலின் (பையின் சுவராகிற பாஸ்போலிப்பிடு) 3 கிராம், குர்குமின் 100 மி.கி., எத்தனால் 30 கிராம் (38 மி.லி.), புரோப்பிலீன் கிளைக்கால் 5 கிராம், வைட்டமின் ஈ 30 மி.கி., மீதி சுமார் 62 கிராம் பிஎச் 5.5 உள்ள சிட்ரேட்-பாஸ்பேட் கரைசல். கணக்குப் போட்டால் ஒரு குர்குமின் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 14 பாஸ்பாடிடில்கோலின் வரும். பேராசைப்பட்டு குர்குமினை 300 மி.கி. ஆக்கினால் ஐந்துக்கு ஒன்றாகிவிடும். பையின் சுவரில் அவ்வளவுக்கு இடம் கிடைக்காது, மிச்சம் ஊசிப் படிகமாக வெளியே வரும்.

பொருள் வாங்குவதிலேயே பாதி தவறு நடக்கிறது. பேக்கரிக்கு விற்கிற லெசித்தின் தூளில் பாஸ்பாடிடில்கோலின் நாலில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். மற்றவை வேறு பாஸ்போலிப்பிடுகள். அதை எத்தனாலில் போட்டால் அடியில் பிசுபிசுப்பாகக் கட்டி நிற்கும். 90 சதவீதத்துக்கு மேல் தூய்மை உள்ளதையே வாங்குங்கள். சோயாவிலிருந்து எடுத்த, ஹைட்ரஜன் ஏற்றாத வகைதான் வேண்டும். அதன் சுவர் சுழியம் டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும். ஹைட்ரஜன் ஏற்றிய வகை 50 டிகிரிக்கு மேல்தான் இளகும், எத்தனாலோடு அந்தச் சூட்டில் வேலை செய்ய முடியாது. மஞ்சளும் அப்படித்தான். கடைத் தூளில் குர்குமினாய்டு (குர்குமினும் அதையொத்த மூலக்கூறுகளும்) 2 முதல் 5 சதவீதம். நல்ல விரலி மஞ்சளை இடித்து எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதிலுள்ள குர்குமினை அளந்து, 100 மி.கி.க்கு எவ்வளவு சாறு என்று கணக்கிட வேண்டும். சாற்றோடு வரும் பிசினும் வாசனை எண்ணெயும் பையின் சுவரில் இடம் பிடித்துக்கொள்ளும் என்பதால் கொள்ளளவு குறையும். எத்தனாலுக்கு மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பயந்து சானிடைசர் ஸ்பிரிட்டை ஊற்றாதீர்கள், அதில் கலந்திருக்கும் மற்றப் பொருளும் சேர்ந்து தோலுக்குள் போகும்.

செய்முறை. மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் எத்தனாலை எடுத்து, அதில் பாஸ்பாடிடில்கோலினை முழுதும் கரையும்வரை காந்தக் கலக்கியில் ஓடவிடுங்கள். பிறகு வைட்டமின் ஈ, குர்குமின், புரோப்பிலீன் கிளைக்கால். கரைசல் தெளிவான ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு துகளும் தெரியக் கூடாது. பாத்திரத்தை அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள், குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. கரைசலையும் நீர்க்கரைசலையும் 30 டிகிரிக்குக் கொண்டுவந்து, நிமிடத்துக்கு 700 சுற்று வேகத்தில் கலக்கிக்கொண்டே, மூடியில் போட்ட துளை வழியாக ஊசிக் குழாயால் நீர்க்கரைசலை மெல்லிய தாரையாக, நிமிடத்துக்கு 1 அல்லது 2 மி.லி. வீதம் விடுங்கள். தண்ணீர் ஏற ஏற ஒரு கட்டத்தில் தெளிவு போய்ப் பால்போல் மங்கும். பைகள் உருவாகிற இடம் அதுதான். அங்கே அவசரப்பட்டுத் தாரையைப் பெருக்கினால் குர்குமின் பைக்குள் போவதற்கு முன்பே தண்ணீரைக் கண்டு படிகமாகிவிடும். முழுதும் விட்ட பிறகு இன்னும் ஐந்து நிமிடம் கலக்குங்கள்.

30 டிகிரி என்று எழுதுவது ஐரோப்பாவில் பாத்திரத்தைச் சூடாக்குவதற்கு. சித்திரை வைகாசியில் காரைக்குடியில் அறையே 35ஐத் தாண்டும், பாத்திரத்தைக் குளிர்விக்க வேண்டியிருக்கும். முற்றத்தை ஒட்டிய பட்டாசாலை என்கிற கூடத்தில் தடித்த சுவரும் ஆத்தங்குடித் தளமும் தருகிற குளிர்ச்சி உட்கார நன்றாக இருக்கும், இந்த வேலைக்குப் போதாது. நீர்க் குளியலில் பனிக்கட்டி போட்டு 30இல் நிறுத்துங்கள். மூடி சரியில்லாமல் எத்தனால் ஆவியானால் முடிவில் உங்கள் கையில் இருப்பது 25 சதவீதச் சரக்கு. அதன் பை பெரிதாக இருக்கும், சுவர் விறைப்பாக இருக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் பாத்திரத்தை எடை போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் மூடியை மாற்றுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சமரசம் கூடாது. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் இதற்குக் காய்ச்சி வடித்த நீர்தான். கால்சியம் பைகளின் மேலிருக்கும் எதிர்மின்னூட்டத்தைச் சமன்செய்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். பிஎச் 5.5 ஏன் என்பதற்கு ஆரத்தித் தட்டே சாட்சி: மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அது குர்குமின் காரத்தில் மாறுகிற மாற்றம். அந்தச் சிவப்போடு மூலக்கூறு சிதையவும் தொடங்குகிறது. பிஎச் 7.2, 37 டிகிரியில் புரதம் இல்லாத பாஸ்பேட் கரைசலில் அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதக் குர்குமின் அழிந்துவிடும். இதைத் தெரியாமல் ஆய்வகத்தில் வழக்கமாகக் கிடக்கிற 7.4 கரைசலை ஊற்றிச் செய்து, பிறகு 'பை ஒழுகுகிறது' என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய.

இப்போது கையில் இருக்கும் பைகள் அளவில் ஏற்றத்தாழ்வானவை. அளவைக் குறைக்க மீயொலிக் கோலை உள்ளே விடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 30 சதவீத எத்தனால் கரைசல் தீப்பற்றும் வெப்பநிலையே 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது, கோலின் முனை அதைவிடச் சூடாகும். டைட்டானியத் துகளும் உதிரும். பாலிகார்பனேட் சவ்வில் 400, 200, 100 நானோமீட்டர் துளை வழியாக வரிசையாக அழுத்தித் தள்ளுவது மெதுவான வேலை, ஆனாலும் சீரான அளவு கிடைக்கும். நேரே 100இல் தொடங்கினால் சவ்வு அடைத்துக் கிழியும். ஒளிச்சிதறல் கருவியில் அளவு 100 முதல் 200 நானோமீட்டரும், பைகளின் அளவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று காட்டும் பரவல் எண் 0.3க்குக் கீழும் வந்தால் திருப்தி. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். இந்த அளவுப் பைகள் அதில் தெரியாது; மஞ்சள் ஊசிகள் தெரிந்தால் அது வெளியே நிற்கும் குர்குமின்.

பைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு பகுதியை 3000 சுற்றில் பத்து நிமிடம் சுழற்றிப் படிகத்தை அடியில் இறக்கலாம். மேலே நிற்பதை மெத்தனாலில் 400 மடங்கு நீர்த்து 425 நானோமீட்டரில் அளக்க வேண்டும். முழுக் குர்குமினும் இருந்தால் உறிஞ்சல் 0.4ஐ ஒட்டி வரும். ஆனால் 30 சதவீத எத்தனாலில் பைக்கு வெளியே கரைந்து நிற்கிற குர்குமினும் உண்டு. சுழற்சி அதைப் பிரிக்காது, நுண்வடிகட்டிக் குழாய் வேண்டும். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் '98 சதவீதம் உள்ளே' என்று எழுதினால் நம்பாதீர்கள். மஞ்சளில் மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயம் கலப்படமாக இருந்தாலும் அது இதே பகுதியில் ஒளியை உறிஞ்சி அளவைக் கூட்டிக் காட்டும். முதல் தடவையாவது ஹெச்பிஎல்சி என்ற, கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் கருவியில் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

திரவம் வழிந்தோடும், ஜெல்லாக்க வேண்டும். எல்லாரும் கை வைப்பது கார்போபோல் என்ற செயற்கைக் கெட்டியாக்கியில். அதைக் கெட்டியாக்க டிரை எத்தனாலமைன் சொட்டும்போது, சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் பிஎச் ஏறி, ஜெல்லில் செம்பழுப்புத் திட்டு விழும். மறுபடியும் ஆரத்திக் கதை. மூலிகைச் சாற்றின் உப்புகளும் கார்போபோலை நீர்க்கவைத்துவிடும். செல்லுலோசிலிருந்து செய்கிற ஹெச்பிஎம்சி 2 சதவீதம் இதற்கு ஒத்துப்போகும். அதைத் தனி ஜெல்லாகச் செய்து பாதிக்குப் பாதி கலந்தால் எத்தனால் 15க்கு இறங்கிவிடும், எத்தோசோம் செய்த பலனே போய்விடும். தூளைப் புரோப்பிலீன் கிளைக்காலில் நனைத்துக் குழைத்து, தயாரான எத்தோசோமில் நேரே சேர்த்து, மூடி, ஒரு ராத்திரி குளிரில் ஊறவிடுங்கள். அதற்கான கிளைக்காலைத் தொடக்க அளவிலிருந்தே ஒதுக்கிக்கொள்ளலாம்.

இனி முக்கியமான கேள்வி: போய்ச் சேர்ந்ததா? இதற்கு ஃபிரான்ஸ் செல் என்ற கண்ணாடிக் கலம். மேலே மருந்து, நடுவில் தோல், கீழே கலக்கிக்கொண்டிருக்கும் திரவம். தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் நிற்க வேண்டும். டயாலிசிஸ் சவ்வை நடுவில் வைத்துச் செய்தால் பையிலிருந்து மருந்து வெளியேறுவது மட்டும் தெரியும். அது தோலைக் கடந்ததற்குச் சாட்சி ஆகாது. பன்றிக் காதுத் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது. வாங்கும்போது, மயிர் நீக்க வெந்நீரில் முக்குவதற்கு முன்பே காதை வெட்டித் தரச் சொல்ல வேண்டும். வெந்நீர் பட்ட காதில் தடுப்பு அடுக்கே வெந்திருக்கும், எதை வைத்தாலும் உள்ளே போய்விடும். தோல் நல்லதா என்று பார்க்க அதன் மின்மறுப்பை, அதாவது மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளப்பது சுலபமான வழி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர் இது. மின்மறுப்பு அளக்கத் தெரிந்த ஆள் காரைக்குடியில் கிடைக்காமல் போகமாட்டார்.

கீழ்த் திரவமும் 7.4ஆக இருக்கக் கூடாது. 24 மணி நேரத்தில் கடந்து வந்த குர்குமின் அங்கேயே சிதைந்து, ஒன்றும் வரவில்லை என்று காட்டும். பிஎச் 5.5 முதல் 6, அதில் எத்தனால் 20 சதவீதம் வையுங்கள். அதைவிடக் கூட்டினால் அடியிலிருந்து எத்தனால் ஏறித் தோலை இளக்கிவிடும். 1, 2, 4, 6, 8, 24 மணி நேரம் ஆனதும் அரை மி.லி. எடுத்து அதே அளவு புதுத் திரவம் விடுங்கள், எடுத்ததைக் கணக்கில் திருத்துங்கள். தோலுக்கு அடியில் காற்றுக் குமிழி மாட்டினால் அந்தக் கலத்தின் அளவீட்டை வீசிவிடலாம். முடிந்ததும் மேலடுக்கை ஒட்டுநாடாவால் இருபது தடவை உரித்து, மீதித் தோலை நறுக்கி மெத்தனாலில் எடுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வைத்த அளவில் 90 முதல் 110 சதவீதம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தொலைந்திருக்கிறது. மூட்டுவலி ஜெல்லுக்கு ஆழத் தோலில் சேர்ந்த எண்தான் பொருள். கரும்புள்ளிக் களிம்புக்கு மேல்தோலில் நின்றது போதும்.

ஒப்பீடு இல்லாமல் எதையும் எழுதாதீர்கள். குர்குமினைத் தண்ணீரில் கலக்கி அதோடு எத்தோசோமை ஒப்பிட்டால் எத்தோசோம் ஜெயிக்காமல் என்ன செய்யும்? அதே 30 சதவீத எத்தனாலும் அதே கிளைக்காலும் உள்ள, பாஸ்போலிப்பிடு மட்டும் இல்லாத கரைசலோடும், நல்லெண்ணெய்த் தைலத்தோடும் ஒப்பிட வேண்டும். அப்போதுதான் வேலை செய்தது பையா, சாராயமா என்று தெரியும். சில மூலிகைகளில் வெறும் எத்தனால் கரைசலே போதும் என்று வரும். வந்தால் சந்தோஷமாக அதையே செய்யலாம், செலவு மிச்சம்.

சேமிப்பு 4 டிகிரி, பழுப்பு நிறப் புட்டி, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பி. உறைய விடக் கூடாது, பனிப்படிகம் சுவரைக் குத்திக் கிழிக்கும். வழக்கமான 40 டிகிரி விரைவுச் சோதனையில் இந்தப் பைகள் அநேகமாகத் தோற்கும், மனம் தளர வேண்டாம். 4, 25, 30 டிகிரிகளில் மாதம் ஒரு தடவை அளவு, பிஎச், குர்குமின் மூன்றையும் பாருங்கள். கெட்டுப்போன பாஸ்போலிப்பிடு மணத்திலேயே தெரியும். குளிர்பெட்டி இல்லாமல் விற்கிற எத்தோசோம் டப்பாவை வாங்குவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

விற்பதாக இருந்தால், சித்த மருந்தாக என்றால் மருந்து விதிகளின் 158-பி விதியும், அழகுப்பொருளாக என்றால் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் பொருந்தும். இரண்டையும் ஒரே லேபிளில் கலந்து எழுத முடியாது.

பயம் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நுண்பை நல்லது கெட்டது பார்ப்பதில்லை. மஞ்சளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தால், மினுக்குக்காக ஈயக் குரோமேட் பூசியிருந்தால், இளக்கிய தோலில் எதெல்லாம் கூடுதலாகப் போகும் என்பதை ஆய்வறிக்கை பார்க்காமல் சொல்ல முடியாது. பாதரசம், பாடாணம் சேர்ந்த புறமருந்து எதையும் நுண்பையில் ஏற்றவே கூடாது. சேராங்கொட்டை போலத் தொட்டாலே கொப்புளிக்கிற சரக்கும் அப்படியே. புண், வெடிப்பு, கைக்குழந்தையின் தோல், இவற்றில் 30 சதவீத எத்தனாலைத் தடவக் கூடாது. புது ஆளுக்கு முன்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவுக்குப் பூசி, 48 மணியிலும் 96 மணியிலும் பாருங்கள். ஒவ்வாமை இரண்டாம் பார்வையில்தான் பல பேருக்குத் தலைகாட்டும். அதே கையில் சற்றுத் தள்ளி குர்குமின் இல்லாத வெறும் எத்தோசோமையும் பூசிவையுங்கள். இரண்டு இடமும் சிவந்தால் குற்றவாளி எத்தனால், கிளைக்கால் மாதிரி மற்றப் பொருளில் ஏதோ ஒன்று. மஞ்சள் பூசிய இடம் மட்டும் தடித்தால் அந்த ஆளுக்கு இந்த ஜெல் வேண்டாம்.